மருத்துவமனைச் சலுகை அட்டையும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியும்: ஓர் ஒப்பீட்டு மதிப்புரை

தனியார் மருத்துவமனையில் உள்நோயாளியைச் சேர்க்க வரும் உறவினரிடம் சேர்க்கைப் பிரிவில் முதலில் கேட்கப்படுவது, “இன்சூரன்ஸா, கேஷா?” என்பதுதான். அதே மருத்துவமனை விற்ற சலுகை அட்டையை அந்த நேரத்தில் எடுத்து நீட்டினாலும், ஊழியர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கோப்பில் ‘கேஷ்’ என்றே குறித்துக்கொள்வார். முன்பணமாக இவ்வளவு கட்டுங்கள் என்று ஒரு தொகையையும் சொல்வார். சலுகை அட்டைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு குறிப்பில் அடங்கிவிடுகிறது. அட்டை வைத்திருப்பவர் மருத்துவமனையின் கணக்கில் தம் கையிலிருந்து பணம் கட்டும் நோயாளியே ஆவார். கட்ட வேண்டிய தொகையின் சில இனங்களில் சிறிது குறையும் என்பது மட்டுமே அவர் விலை கொடுத்துப் பெற்றிருக்கும் உரிமை.

இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டவை எங்கள் குடும்பத்தில் பயன்பாட்டில் இருக்கும் இரண்டு: ஒன்று, கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை வழங்கும் குடும்பச் சலுகை அட்டை; மற்றொன்று, ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் காப்பீட்டு பாலிசி. மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. ஹெல்த் கார்டு, பிரிவிலேஜ் கார்டு, குடும்ப நல அட்டை எனப் பெயர்கள் மாறினாலும், சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் விற்கப்படும் அட்டைகளின் நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருப்பதால், இங்கே சொல்வது வேறு ஊர் அட்டைகளுக்கும் பொருந்தக்கூடும். ஆரோக்கிய சஞ்சீவனியைத் தேர்ந்ததற்கும் அதுபோன்ற காரணமே உண்டு. பொதுக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் செய்யும் நிறுவனங்கள் ஒரே மாதிரியான நிபந்தனைகளோடு இந்த பாலிசியைத் தர வேண்டும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ கட்டாயமாக்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் உள்ளடக்கம் ஒன்றே. பிரீமியமும் சேவையின் தரமும் மட்டுமே மாறும். ஆகவே பாலிசியை ஆராய்வதற்கு இது நல்ல அளவுகோல்.

அட்டையிலிருந்து தொடங்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடக்கும் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்களிலும் வணிக வளாகங்களின் நுழைவாயிலிலும் இவை விற்கப்படுகின்றன. விலை சில நூறு ரூபாயில் தொடங்கி இரண்டு, மூன்றாயிரம் வரை போகும். வயது வரம்பு இல்லை. மருத்துவப் பரிசோதனை இல்லை. சர்க்கரை நோய் இருக்கிறதா, இதய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. வாங்கிய அன்றே பயன்படுத்தலாம். விற்பனையாளர்கள் இவற்றைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்வது உண்மையும்கூட. ஆனால் நோயைப் பற்றிக் கேட்காததற்குக் காரணம் பெருந்தன்மை அன்று. காப்பீட்டு நிறுவனம் நம் நோயின் செலவைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதால் விசாரிக்கிறது. அட்டை விற்பவர் எந்தச் செலவையும் ஏற்காததால் விசாரிக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. நோயாளி எவ்வளவு அதிகம் வருகிறாரோ, அவ்வளவுக்கு அவருக்கு வரவுதான்.

எங்கள் அட்டையின் பின்பக்கத்திலும் அதனுடன் தரும் மடிப்புத் தாளிலும் உள்ள சலுகைகள் இவை: வெளிநோயாளிப் பிரிவில் மருத்துவரைப் பார்க்கும் கட்டணத்திலும், பிசியோதெரபியிலும், பல் சிகிச்சையிலும், மருந்திலும், ஆய்வகப் பரிசோதனைகளிலும், உள்நோயாளிக்கு அறை வாடகையிலும் குறிப்பிட்ட சதவீதத் தள்ளுபடி; ஆண்டுக்கு ஒரு முறை உடல் பரிசோதனைக்குக் குறைந்த கட்டணம். இவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பவற்றைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். உள்நோயாளிக்கான மருந்துகள், பயன்படுத்தி எறியும் பொருள்கள், உடலுக்குள் பொருத்தப்படும் கருவிகள், வெளியிலிருந்து வரும் சிறப்பு மருத்துவரின் கட்டணம், பேக்கேஜாக விலை சொல்லப்படும் அறுவை சிகிச்சைகள் ஆகியவற்றுக்குத் தள்ளுபடி கிடையாது. வேறு எந்தச் சலுகையோடும், காப்பீட்டோடும் இதைச் சேர்த்துப் பயன்படுத்த முடியாது. நிபந்தனைகளை மருத்துவமனை எப்போது வேண்டுமானாலும் முன்னறிவிப்பின்றி மாற்றலாம். ஒரு பெரிய மருத்துவமனை பில்லில் கனமாக இருக்கும் இனங்கள் எவையோ, அவை அனைத்தும் இந்த விலக்குப் பட்டியலில் இருக்கின்றன.

தள்ளுபடி எந்த விலையின்மேல் தரப்படுகிறது என்பது இதைவிட அடிப்படையான கேள்வி. ஒரே அறுவை சிகிச்சைக்கு ஒரே மருத்துவமனை பல விலைகளை வைத்திருப்பது ஊரறிந்த நடைமுறை: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட நோயாளிக்கு அரசு நிர்ணயித்த தொகை ஒன்று, மத்திய அரசு ஊழியர் நலத் திட்டத்துக்கு ஒன்று, பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களோடு பேசி ஒப்புக்கொண்ட தொகை ஒன்று, கையில் பணம் கொண்டு வருபவருக்கு மற்றொன்று. அட்டையின் பத்து சதவீதம் கழிக்கப்படுவது இந்தக் கடைசி விலையிலிருந்துதான். அதையும் மருத்துவமனையே தீர்மானிக்கிறது. ஆண்டு நடுவில் உயர்த்தவும் செய்கிறது. விலையை வைப்பவரே தள்ளுபடியையும் தரும் இடத்தில், சதவீதத்தை மட்டும் பார்த்து மகிழ்வது ஆடி மாதத் துணிக்கடை விளம்பரத்தைப் பார்த்து மகிழ்வதற்குச் சமம்.

இனி பாலிசிக்கு வருவோம். ஆரோக்கிய சஞ்சீவனி அறிமுகமானபோது காப்புத்தொகை, அதாவது ஓராண்டில் நிறுவனம் ஏற்கும் செலவின் உச்ச வரம்பு, 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தது. பின்னர் 50,000 ரூபாய் முதல் 10 லட்சம் வரை விரிவாக்கப்பட்டது. குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்து பெறும் சிகிச்சையும், அவ்வளவு நேரம் தேவைப்படாத பகல்நேர அறுவை சிகிச்சைகளும் இதில் அடங்கும். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும், வீடு திரும்பிய பிந்தைய 60 நாள் செலவும் சேரும். சித்தா, ஆயுர்வேதம் போன்ற ஆயுஷ் முறைகளில் உள்நோயாளியாகப் பெறும் சிகிச்சைக்கும் இடமுண்டு. கோரிக்கை (கிளெய்ம்) எதுவும் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் காப்புத்தொகை 5 சதவீதம் கூடி, 50 சதவீதம் வரை உயரும். நாடு முழுவதற்கும் ஒரே பிரீமியம் என்பதால், சென்னைவாசி என்பதற்காகக் கூடுதல் கட்டணம் இல்லை.

குறைகளையும் உடனே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையிலும் 5 சதவீதத்தை நாம் ஏற்க வேண்டும். அறை வாடகை, காப்புத்தொகையில் 2 சதவீதம் அல்லது நாளொன்றுக்கு 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே வரம்பு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவீதம் அல்லது 10,000 ரூபாய். கண்புரை அறுவை சிகிச்சைக்கு ஒரு கண்ணுக்குக் காப்புத்தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இவற்றில் குறைந்ததுதான் கிடைக்கும். ஆம்புலன்ஸுக்கு 2,000 ரூபாய். ரோபோ அறுவை சிகிச்சை, வாய்வழிக் கீமோதெரபி போன்ற சில நவீன சிகிச்சைகளுக்குக் காப்புத்தொகையில் பாதி வரைதான். மகப்பேறும், வழக்கமான வெளிநோயாளிச் செலவும் அறவே இல்லை.

இவ்விரண்டையும் ஒரே பில்லின்மேல் வைத்துப் பார்த்தால்தான் அளவு புரியும். கணக்குக்காக நானே வகுத்துக்கொண்ட ஒரு பில்: இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, நான்கு நாள் தங்கல். அறை வாடகை நாளுக்கு 5,000 வீதம் 20,000, மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் 90,000, மருந்தும் பயன்படுத்தி எறியும் பொருள்களும் 60,000, அடைத்த குழாயை விரித்துவைக்கப் பொருத்தும் ஸ்டென்ட் 38,000, பரிசோதனைகள் 32,000, பதிவுக் கட்டணம், கையுறை போன்ற காப்பீட்டில் சேராத சில்லறை இனங்கள் 10,000. மொத்தம் 2,50,000 ரூபாய்.

சலுகை அட்டை இதில் அறை வாடகையையும் பரிசோதனைகளையும் மட்டுமே தொடும். இரண்டும் சேர்ந்து 52,000. பத்து சதவீதத் தள்ளுபடி 5,200. ஆக நோயாளி கட்ட வேண்டியது 2,44,800 ரூபாய். பில்லின் பார்வையில் இது சுமார் இரண்டு சதவீதக் குறைப்பு. 5 லட்சம் காப்புத்தொகையுள்ள ஆரோக்கிய சஞ்சீவனியில், சேராத 10,000 போக 2,40,000 கணக்கில் எடுக்கப்படும். அதில் 5 சதவீதமான 12,000 நம் பங்கு. 2,28,000 ரூபாயை நிறுவனம் ஏற்கும். நாம் கட்டுவது 22,000. ஒரு பக்கம் ஐந்தாயிரத்துச் சொச்சமும், மறுபக்கம் இரண்டேகால் லட்சத்துக்கு மேலும் மிச்சமாகும் இடத்தில், இவற்றை ஒரே வகைப் பொருளாக நிறுத்தி ஒப்பிடுவதே பொருத்தமற்றது என்று தோன்றுகிறது. ஆனால் விற்பனையாளர்கள் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். “பிரீமியம் வருடத்துக்கு இவ்வளவு ஆகும், இது ஆயிரம் ரூபாய்தான்” என்பதே அவர்களுடைய வாதம்.

இந்தக் கணக்கில் ஸ்டென்ட் பற்றி இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட்டுகளுக்கு உச்சவிலை விதித்தபோது, மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை வரி நீங்கலாக 29,600 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன்பு நோயாளிகள் ஒரு லட்சத்துக்கு மேலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும் உச்சவிலை வந்தது. எந்தச் சலுகை அட்டையும் தந்திராத குறைப்பை ஓர் அரசாணை தந்தது.

பாலிசியின் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. அது அறை வாடகை. மேலே சொன்ன அதே நோயாளி, உறவினர்கள் வந்து போக வசதியாக இருக்கட்டும் என்று நாளுக்கு 8,000 ரூபாய் அறையை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளைக்குக் கூடுதல் 12,000 தானே என்று அவர் நினைப்பார். ஆனால் வரம்பு 5,000 என்பதால், மருத்துவர், அரங்கு, செவிலியர் கட்டணங்களும் எட்டில் ஐந்து பங்காகக் குறைக்கப்படும். 90,000 என்பது 56,250 ஆகிவிடும். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதாசாரக் கழிவு கூடாது என்பது விதி, அதுவரை நிம்மதி. இருந்தும், 2,62,000 ரூபாய் பில்லில் நிறுவனம் தருவது ஏறக்குறைய 1,96,000 மட்டுமே. நோயாளி கட்டுவது 66,000. நல்ல அறைக்காக 12,000 கூடுதலாகச் செலவழிப்பதாக எண்ணியவருக்கு உண்மையில் 44,000 கூடுகிறது. சேர்க்கையின்போது மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவில், “என் பாலிசி வரம்புக்குள் எந்த அறை?” என்று கேட்டு வாங்குவது இந்த நாற்பதாயிரத்தைக் காப்பாற்றும். அங்கிருப்பவர்களாக முன்வந்து சொல்வது அரிது.

காப்பீடு வாங்கியவர்களின் பெரும் புகார், கேட்ட பணம் முழுதாக வருவதில்லை என்பது. இது கற்பனைப் புகார் அன்று. 2023-24 நிதியாண்டில் மருத்துவக் காப்பீட்டில் கோரப்பட்ட மொத்தத் தொகையில் ஏறக்குறைய 71 சதவீதமே வழங்கப்பட்டதாக ஐஆர்டிஏஐயின் ஆண்டறிக்கை சொல்கிறது. மீதி அனைத்தும் அநியாயமாக மறுக்கப்பட்டது என்று கொள்ள முடியாது. நிலுவையில் இருப்பவையும் விதிப்படி விலக்கப்பட்டவையும் அதில் அடங்கும். எனினும், பாலிசி கையில் இருந்தால் ஒரு ரூபாயும் செலவாகாது என்று சொல்லி விற்கும் முகவர்களுக்கு இந்த எண் தக்க மறுமொழி. அதே நேரத்தில், அட்டையில் இப்படி ஒரு விகிதத்தைக் கணக்கிடவே முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோருவதற்கே அங்கு எதுவும் இல்லை.

டிஸ்சார்ஜ் நாளின் காத்திருப்பு மற்றொரு புகார். மருத்துவர் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு, காப்பீட்டு ஒப்புதலுக்காக மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். அட்டை வைத்திருப்பவரோ பில்லிங் கவுண்டரில் பணத்தைக் கட்டிவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜின்போது இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். விதி நன்றாக இருக்கிறது. மருத்துவமனை தன் பில்லை இணையத்தில் ஏற்றி அனுப்பிய பிறகே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்பதால், நடைமுறையில் இன்னும் பொறுமை தேவைப்படுகிறது. வேகத்தில் அட்டைக்கே முதலிடம்; பணம் நம்முடையதாக இருக்கும்போது வேகத்துக்கு என்ன குறை?

ஊர் விட்டு ஊர் போகும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. கோயம்புத்தூர் மருத்துவமனையின் அட்டை, திருநெல்வேலிக்குத் திருமணத்துக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்தால் பயன்படாது. பாலிசியில் இணைப்பு மருத்துவமனையாக இருந்தால் கேஷ்லெஸ் கிடைக்கும். இல்லையென்றாலும் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம். உள்ளாட்சியில் பதிவு பெற்ற சிறு மருத்துவமனையாக இருந்தாலும் சரி, பதிவு இல்லாத நிலையில் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகையுள்ள ஊரில் பத்துப் படுக்கைகளும், பெரிய நகரில் பதினைந்து படுக்கைகளும், இருபத்து நான்கு மணி நேரச் செவிலியர், மருத்துவர் வசதியும் இருந்தாலும் சரி, அது பாலிசியின் பார்வையில் மருத்துவமனையே.

அட்டை உண்மையில் பயன் தரும் இடம் வெளிநோயாளிச் செலவுதான். காப்பீடு கைவிடும் இடமும் அதுவே. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பதாகத் தேசியச் சுகாதாரக் கணக்குகள் சொன்னாலும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்கும் வீட்டில் அந்தக் குறைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. எனவே அட்டை இங்கே எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதை இனம் இனமாகப் பார்க்க வேண்டும்.

மருந்தில் அட்டையால் வரும் பயன் மிகச் சொற்பம். மருத்துவமனை மருந்தகத்தில் அட்டைக்குத் தரும் தள்ளுபடியைவிட அதிகமாக, பதினைந்து, இருபது சதவீதம் என்று பலகை வைத்தே தெருமுனை மருந்துக்கடைகள் கொடுக்கின்றன. அதற்கு அட்டையும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறை விற்பனையாளரின் 16 சதவீத லாபத்தைச் சேர்த்தே உச்சவிலை கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்தால், பெரிய தள்ளுபடிகள் எங்கிருந்து சாத்தியமாகின்றன என்ற கேள்வி எழும். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளில் அச்சிட்ட விலையே தாராளமாக வைக்கப்பட்டிருப்பதுதான் பதில். விலை உண்மையாகவே குறைய வேண்டுமானால் மக்கள் மருந்தகங்கள் எனப்படும் ஜன் ஔஷதி கடைகளுக்கோ, 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஆயிரம் இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களுக்கோ போய், அதே மூலக்கூறு பெயரில் கிடைக்கும் ஜெனரிக் மருந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாங்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கோ, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை வீட்டுக்கே இலவசமாக வருகிறது.

பரிசோதனைகளில் நிலைமை கொஞ்சம் மேம்பட்டது. ஆனாலும், தனி ஆய்வகங்கள் எல்லோருக்கும் தரும் தொகுப்பு விலையோடு ஒப்பிட்ட பிறகே அட்டையின் தள்ளுபடியை நம்ப வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், பிசியோதெரபி, பல் சிகிச்சை ஆகிய மூன்றிலும் அட்டை தன் விலையை மீட்டுத் தருகிறது என்று மனமாரச் சொல்லலாம். முழங்கால் வலிக்கு வாரக்கணக்கில் பிசியோதெரபிக்குப் போகும் முதியவருக்கும், வேர்ச் சிகிச்சைக்கும் பல் உறைக்கும் அலையும் நடுத்தர வயதினருக்கும் இருபது சதவீதம் என்பது கண்ணுக்குத் தெரியும் தொகை. விபத்தால் வரும் பல் சிகிச்சையைத் தவிர மற்றவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. பிரசவத்தையும் இதில் சேர்க்கலாம். ஆரோக்கிய சஞ்சீவனியில் மகப்பேறு இல்லாததால், கருவுற்ற மாதம் முதல் ஒரே மருத்துவமனைக்குப் போவதென முடிவெடுத்தவருக்கு ஸ்கேன், பரிசோதனை, ஆலோசனைக் கட்டணங்களில் அட்டை உதவும்.

அமெரிக்காவில் இத்தகைய தள்ளுபடித் திட்டங்கள் நீண்ட காலமாக இருக்கின்றன. குறிப்பாகப் பல் சிகிச்சைக்கு. அங்கே பல மாநிலங்களில் இவற்றை விற்பவர் பதிவு செய்தாக வேண்டும் என்றும், இது காப்பீடு அன்று என்பதைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்றும் தனிச் சட்டங்கள் உள்ளன. அவ்வளவு இருந்தும் ஏமாற்று நின்றுவிடவில்லை. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த சிம்பிள் ஹெல்த் என்ற நிறுவனம் தள்ளுபடி உறுப்பினர் திட்டங்களையும் அற்பமான பலன் தரும் திட்டங்களையும் முழுமையான காப்பீடு என்று சொல்லி விற்றதாக, அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 2018-இல் வழக்குத் தொடுத்தது. 2024-இல் 195 மில்லியன் டாலர் செலுத்துமாறு தீர்ப்பானது. நம் நாட்டில் சலுகை அட்டைகளுக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பே இல்லை. காப்பீட்டுத் தொழிலை ஐஆர்டிஏஐயிடம் பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே செய்ய முடியும். ஒவ்வொரு பாலிசி ஆவணத்திலும் நிறுவனத்தின் பதிவு எண்ணும், அந்தத் திட்டத்துக்குரிய யுஐஎன் என்ற தனி அடையாள எண்ணும் இருக்கும். முகாமில் நீட்டப்படும் தாளில் இவ்விரண்டும் இல்லையென்றால், எத்தனை லட்சம் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அது தள்ளுபடி அட்டைதான்.

சில அட்டைகளோடு ஒரு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இலவசம் என்று சேர்த்துத் தருகிறார்கள். அது பெரும்பாலும் அட்டை வழங்குபவர் பெயரில் எடுக்கப்பட்ட குழுக் காப்பீடு, நோய்க்குப் பொருந்தாது, உறுப்பினர் காலம் முடிந்தால் அதுவும் முடியும். அப்படி ஒன்று இருந்தால், காப்பீட்டுச் சான்றிதழை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

தகராறு வந்தால் செல்லும் வழிகளும் ஒன்றல்ல. காப்பீட்டு நிறுவனம் முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரமுண்டு. அட்டையில் சொன்ன தள்ளுபடி மறுக்கப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சில நூறு ரூபாய்த் தள்ளுபடிக்காக அங்கே படியேறுபவர் எத்தனை பேர் என்பதை மருத்துவமனைகளும் அறிந்தே இருக்கின்றன.

பிரீமியம் கனமானது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. முப்பது வயதை ஒட்டியவருக்குச் சில ஆயிரத்தில் முடிவது, அறுபதைக் கடந்தவருக்குப் பல மடங்காகிறது. கோரிக்கையே இல்லாத ஆண்டிலும் அது ஏறுகிறது. அண்மையில் இரண்டு ஆறுதல்கள் வந்திருக்கின்றன. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஐஆர்டிஏஐயைக் கலக்காமல் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் கட்டுப்பாடு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டின்மீது இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு 25,000 ரூபாய் வரையும், மூத்த குடிமக்களுக்கு 50,000 வரையும் பிரீமியத்துக்குக் கழிவு உண்டு. அட்டையின் சந்தா பிரீமியம் அன்று. அதற்கு அந்தக் கழிவு இல்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களிடமும் இந்த அட்டைகளை விற்பதைப் பார்க்கும்போதுதான் கோபம் வருகிறது. அவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பிரீமியத்தை அரசு செலுத்துகிறது. அந்த அரசுக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருப்பதே தெரியாமல், தள்ளுபடி அட்டையைக் கொண்டுவந்து முன்பணத்துக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு.

என் முடிவு ஒருபக்கச் சார்பானதே: இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பாலிசியை வாங்க வேண்டும், அட்டை அதற்குப் பிறகு, அதுவும் அந்த மருத்துவமனைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தால் மட்டும். எங்கள் அட்டையை இந்த முறையும் புதுப்பித்திருப்பது அம்மாவின் பிசியோதெரபிக்காகத்தான். அது முடிந்தால் அட்டையும் முடியும்.

ஏற்கெனவே நோயோடு இருக்கும் முதியவர்களின் நிலை மட்டும் சிக்கலானது. முன்னரே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டிருக்கிறது; எல்லா வயதினருக்கும் பாலிசிகளை நிறுவனங்கள் தர வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. ஆனாலும் அந்த மூன்று ஆண்டுகளில் பழைய நோயால் மருத்துவமனையில் சேர்ந்தால் பாலிசி கைகொடுக்காது. இதற்குப் பயந்து, சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று அறிவுரை சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டி முடிப்பதற்குள் அந்த மறைப்பு வெளிப்பட்டால் பாலிசியே ரத்தாகலாம், மோசடி என நிறுவப்பட்டால் அதற்குப் பிறகும் பாதுகாப்பில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி இன்றே பாலிசியைத் தொடங்கிவிட்டு, காத்திருப்புக் காலத்துக்கு மட்டும் ஒரு தொகையை வங்கியில் தனியாக வைத்து, வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் அட்டையையும் வைத்துக்கொள்வது அவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. மூன்றாம் ஆண்டின் முடிவில் வங்கியில் மிஞ்சியிருப்பதை அடுத்தடுத்த ஆண்டுகளின் பிரீமியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.